மரநிழல் சூரியகாந்தி: பூக்கவில்லையா, சாய்கிறதா, வளவெல்லாம் ஏறுகிறதா? அறிகுறி பார்த்துத் திருத்தும் வழி

ஒன்ராறியோவில் வீடு வாங்கி, பின்வளவில் ஒரு பெரிய மரத்தோடு குடியேறிய எல்லாரும் என்றாவது ஒருநாள் கேட்கிற கேள்வி இது: "இந்த மரத்துக்குக் கீழே என்ன நடலாம்?" புல் வராது. ரோசா வராது. கத்தரி, மிளகாய் பற்றிப் பேச்சே வேண்டாம். அந்த வறண்ட அரைநிழலுக்கு நான் சொல்லும் பதில் காட்டோரச் சூரியகாந்தி. தாவரவியல் பெயர் ஹெலியாந்தஸ் டைவரிகேட்டஸ். 1753இல் லின்னேயஸ் வைத்த பெயர். தென் ஒன்ராறியோ, கியூபெக்கிலிருந்து தெற்கே புளோரிடா வரை, வட அமெரிக்காவின் கிழக்குப் பாதியில் ஓக் காடுகளின் ஓரங்களிலும் காய்ந்த மணற்பாங்கான சரிவுகளிலும் தானாக வளர்கிற செடி. குளிர்காலத்தில் மேற்பகுதி காய்ந்துபோகும். மண்ணுக்குள் கிடக்கும் வேர்த்தண்டு உயிரோடிருந்து, மறுவருடம் மீண்டும் முளைக்கும். இடுப்பளவு முதல் நெஞ்சளவு உயரம். ஆடி மாதம் தொடங்கிப் புரட்டாதி வரை, 5 சென்ரிமீற்றர் அகலத்தில் மஞ்சள் பூக்கள்.

நண்பர்கள் வட்டத்தில் இந்தக் கன்றைப் பல வீடுகளுக்குக் கொடுத்தவன் என்பதால் முறைப்பாடுகளும் என்னிடமே வருகின்றன. அவற்றில் பெரும்பாலானவை நோயே அல்ல. எண்ணெய் எடுக்கிற சூரியகாந்திக்குச் செய்யும் உபசாரத்தை இதற்கும் செய்ததன் விளைவு. கீழே ஒவ்வொரு அறிகுறியாகப் போகலாம். உங்களுடையது எதுவோ அங்கே நேரே தாவிப் போங்கள். ஆனால் முதற்பகுதியை மட்டும் எல்லாரும் வாசியுங்கள்.

எதற்கும் முன்: நிற்பது அதுதானா?

கோளாறுகளில் ஒரு பங்கு இங்கேயே தீர்ந்துவிடும். மஞ்சள் பூவும் கரடான இலையும் இருந்தால் எல்லாவற்றுக்கும் சூரியகாந்தி என்று சீட்டுக் கட்டி விற்கிறார்கள்.

இலைக்காம்பைப் பாருங்கள். நம்முடைய செடியின் இலைகள் இரண்டிரண்டாக எதிரெதிரே நிற்கும். காம்பு இராது, இருந்தாலும் 5 மில்லிமீற்றருக்கு மேற்படாது. இலையின் அடி உருண்டு தண்டோடு ஒட்டியிருக்கும், நுனி நீண்டு கூராகும், அடியிலிருந்தே மூன்று நரம்புகள் புறப்படும். மேற்பக்கத்தைத் தடவினால் ஊரில் பராய் இலையைத் தடவுவது போலச் சொரசொரக்கும். தண்டோ அதற்கு நேர்மாறாக வழுவழுப்பு. பூவைச் சுற்றி 8 முதல் 15 வரை இதழ்கள்.

காம்பு தெளிவாகத் தெரிந்து, இலையின் கீழ்ப்பக்கம் வெளிறியிருந்தால் அது ஸ்ட்ருமோசஸ் என்ற இன்னொரு சூரியகாந்தி இனம். அதுவும் காட்டுச் செடிதான், பராமரிப்பில் பெரிய வித்தியாசமில்லை. இந்தக் குறிப்புகளையே பின்பற்றலாம். இலை மெல்லியதாய், ஓரம் பல்லுப்பல்லாய், காம்பு நீண்டிருந்தால் டெக்காபெட்டலஸ். அதற்குக் கூடுதல் ஈரம் வேண்டும், ஆகவே வறண்ட மரத்தடியில் அது வாடினால் குற்றம் செடியில் இல்லை. தண்டெல்லாம் மயிர் என்றால் ஹிர்சூட்டஸ். தண்டில் மயிரும், மேலிலைகள் ஒன்றுவிட்டு ஒன்றாகவும், மண்ணைக் கிளறினால் இஞ்சி போலக் கிழங்கும் இருந்தால் அது தியூபரோசஸ். கடைகளில் சன்சோக் என்றும் ஜெருசலேம் ஆர்டிசோக் என்றும் வரும் கிழங்கின் செடி.

இன்னொரு ஏமாற்று ஹீலியாப்சிஸ். பெயரும் அப்படி, பூவும் அப்படி. ஓர் இதழை மெதுவாக இழுத்துப் பாருங்கள். அடியில் இரண்டாகக் கவர்விட்ட சிறு சூல்முடி தெரிந்தால் ஹீலியாப்சிஸ். சூரியகாந்தி இனங்களின் ஓர இதழ்கள் மலட்டுப் பூக்கள், அவற்றில் அது இராது. பூ முடிந்தபின் இதழ்கள் கொட்டாமல் தலையிலேயே காய்ந்து கிடப்பதும் ஹீலியாப்சிஸின் அடையாளம்.

மலையகத்திலிருந்து வந்தவர்கள் சிலர் இதைக் கண்டதும், "இது எங்கட ரோட்டோரச் செடிதானே" என்பார்கள். அவர்கள் சொல்வது தித்தோனியா. தேயிலைத் தோட்டங்களைச் சுற்றியும் நீலகிரியிலும் ஆள் உயரத்துக்கு மேல் புதராகப் பூப்பது அதுதான். அதன் இலை கைவிரல்கள் போலப் பிளந்திருக்கும். முதல் உறைபனிக்கே கருகிவிடும். இங்கே பனிக்குள் கிடந்து மீளும் செடிக்கும் அதற்கும் தூரத்து உறவு மட்டுந்தான்.

ஏப்ரல் முடிந்தும் ஒன்றும் முளைக்கவில்லை

பொறுங்கள். பக்கத்தில் டியூலிப் பூத்து முடிகிற நேரத்தில்தான் இது கண் விழிக்கும். மே நடுப்பகுதி வரை அந்த இடத்தில் மண்வெட்டி வைக்க வேண்டாம். "செத்துப் போச்சு" என்று கிளறி வேறொன்றை நட்டவர்கள் ஜூனில் இரண்டும் சேர்ந்து வளர்வதைக் கண்டிருக்கிறார்கள். இலையுதிர்காலத்திலேயே ஒரு தடி நாட்டி அடையாளம் வையுங்கள்.

மே இறுதியிலும் ஒன்றுமில்லையென்றால் மண்ணை விரலால் விலக்கிப் பாருங்கள். வேர்த்தண்டுகள் மேலாகத்தான் ஓடும். வெண்மையாய், ஒடித்தால் சடக்கென்று முறிந்தால் உயிர் உண்டு. கறுத்துக் கொழகொழத்திருந்தால் அழுகிவிட்டது. கூரைப்பீலி நீர் வந்து விழுகிற மூலை, பனி உருகித் தேங்கும் பள்ளம், களிமண் இவைதான் வழக்கமான காரணம். வறட்சியைத் தாங்கும் செடி, குளிர்காலத்தில் நனைந்து கிடப்பதைத் தாங்காது. இடத்தை மாற்றுவதைத் தவிர வேறு வைத்தியம் இல்லை.

முளை வந்து, பிறகு காணாமற் போனதா? வெட்டு எப்படி இருக்கிறது என்று பாருங்கள். கத்தியால் சாய்வாக வெட்டியது போலிருந்தால் முயல். பிய்த்து இழுத்தது போல நார்நாராக இருந்தால் மான். அதற்கு மேல்தாடையில் முன்பற்கள் இல்லாததால் நறுக்கத் தெரியாது, கிழிக்கத்தான் தெரியும். முயலுக்கு இரண்டடி உயரக் கோழிக்கூட்டுக் கம்பிவலை ஜூன் வரை போதும். அதன்பின் இலை கரடாகிவிடும், முயலின் நாட்டமும் குறையும். மானுக்கு நான் ஒன்றும் சொல்வதற்கில்லை. அது வரும் வீதியில் இருப்பவர்கள் அதோடு வாழப் பழகியிருப்பார்கள்.

இலை செழிப்பாக இருக்கிறது, பூ மட்டும் இல்லை

நட்டு முதல் வருடமா? அப்படியானால் இது கோளாறே அல்ல. விதையிலிருந்து வந்த கன்று பெரும்பாலும் முதல் வருடத்தை வேருக்கே செலவழிக்கும்.

மூன்றாம் வருடமும் பூ இல்லையென்றால் வெளிச்சத்தை அளந்து பாருங்கள். "மரநிழல்" என்ற சொல்லில்தான் எல்லாரும் வழுக்குகிறார்கள். இந்தச் செடி காட்டில் வாழ்கிறது என்பது உண்மை. ஆனால் இருண்ட காட்டில் அல்ல. ரொறன்ரோவில் இருப்பவர்களுக்கு இதைக் காட்ட நல்ல இடம் ஹை பார்க் பூங்கா. அங்கே இருப்பது கரு ஓக் சவன்னா: மரங்கள் தள்ளித் தள்ளி நிற்கும், கிளைகளுக்கு நடுவே வெயில் நிலம் வரை இறங்கும், கீழே புல்லும் பூச்செடிகளும். இந்தச் சூரியகாந்தியும் அந்தக் கூட்டத்தில் ஒன்று. அப்படிப்பட்ட நிலம் தானாக நிலைக்காது; விட்டால் புதரும் நிழல்மரமும் ஏறி மூடிவிடும். ஐரோப்பியர் வருவதற்கு முன் முதற்குடிகள் தீயிட்டு அதைத் திறந்தே வைத்திருந்தார்கள். இன்று நகராட்சி இளவேனிலில், ஆட்களை நிறுத்திக் கட்டுப்பாட்டோடு தரையில் தீ வைக்கிறது. சருகும் சிறுபுதரும் எரிகின்றன. மண்ணுக்குள் இருக்கும் வேர்த்தண்டுக்கு ஒன்றும் ஆவதில்லை. சில வாரங்களில் சாம்பலுக்குள்ளிருந்து முளை வருகிறது. மரம் மூடி இருண்ட இடத்தில் இலையோடு மட்டும் காலந்தள்ளிய கூட்டம், வெளிச்சம் கிடைத்ததும் பூவுக்குத் திரும்பும்.

வளவில் தீ வைக்கச் சொல்லவில்லை. ஒரு விடுமுறை நாளில் காலை 9 மணி முதல் மாலை 6 வரை மணிக்கொருதரம் அந்த இடத்தைப் பாருங்கள். மூன்று நான்கு மணி நேரமாவது நேர்வெயில் பட வேண்டும். அல்லது நாள் முழுதும் இலைகளினூடே வெயில் பொட்டுப்பொட்டாக விழ வேண்டும். ஓக், ஹிக்கரி, பேர்ச் மரங்களின் கீழ் இது கிடைக்கும். நோர்வே மேப்பிளின் கீழ் கிடைக்காது. அந்த மரம் இறக்குகிற கருநிழலில் எதை நட்டாலும் ஏமாற்றந்தான். ஒன்று, மரத்தின் கீழ்க்கிளைகளைத் தகுதியான ஆளைக் கொண்டு கழிக்கலாம். (மரத்தையே வெட்டிவிடலாம் என்று நினைக்காதீர்கள்: ரொறன்ரோவில் அடிமரம் 30 சென்ரிமீற்றர் விட்டமோ அதற்கு மேலோ இருந்தால் தனியார் வளவிலும் அனுமதி வேண்டும்.) மற்றது, சுலபமானது: செடியை மரத்தடியிலிருந்து கிளை விளிம்புக்கு, தெற்கோ மேற்கோ பார்த்த பக்கத்துக்கு நகர்த்துங்கள். இரண்டு மீற்றர் தள்ளியதிலேயே பூத்த கன்றுகளைக் கண்டிருக்கிறேன்.

வெளிச்சம் போதும், ஆனாலும் பூ இல்லை என்றால் இரண்டு சந்தேகம். புல் வெட்டும் ஆள் ஜூலையில் நுனியை வெட்டிவிட்டாரா? மொட்டு அங்கேதான் இருந்தது. அல்லது பக்கத்துப் புற்றரைக்குப் போடும் தழைச்சத்துப் பசளை இங்கேயும் வழிகிறதா? அப்போது இலைதான் கிடைக்கும்.

சாய்ந்து விழுகிறது

எனக்கு வரும் தொலைபேசி அழைப்புகளில் பாதி இதுதான். ஒன்றை அப்படியே சொல்கிறேன்.

"தம்பி, நீ தந்த பூக்கண்டெல்லாம் பாய் விரிச்ச மாதிரிப் படுத்திட்டுது. தடி நாட்டட்டோ?"

"பசளை ஏதும் போட்டனீங்களோ மாமி?"

"நான் ஒண்டும் போடேல்லை. ஆட்டெரு மட்டும் ரெண்டு பை."

மாமிமாரின் கணக்கில் ஆட்டெரு பசளையில் சேராது. இங்கே தோட்டக் கடைகளில் பையில் கட்டி ஆட்டெரு விற்கிறார்கள் என்று கண்டுபிடித்த நாளிலிருந்து நம்மவர் வளவுகளில் அது போகாத பாத்தியில்லை. வெங்காயத்துக்கும் புடலங்காய்க்கும் நல்லது. இந்தச் செடிக்கோ அது விருந்து அல்ல, வெறி. மெலிந்த மணல் மண்ணில், மற்றச் செடிகளோடு மல்லுக்கட்டி ஒரு மீற்றர் வளர்ந்து நிற்க வேண்டியது, கொழுத்த மண்ணில் ஒன்றரை மீற்றருக்கு விறுவிறுவென்று போகும். தண்டு நீளும், உரம் ஏறாது. ஆகஸ்ட் மாத இடிமழை ஒன்று போதும், படுத்துவிடும்.

இந்த வருடத்துக்கு: படுத்ததைத் தூக்கிக் கட்டுவதானால் கூட்டத்தைச் சுற்றி நான்கு தடி நாட்டி, இடுப்பளவில் கயிறு ஓட்டுங்கள். ஒவ்வொரு தண்டையும் தனித்தனியாகக் கட்டினால் கட்டின இடத்தில் முறியும்.

அடுத்த வருடத்துக்கு: எரு, பசளை இரண்டும் நிறுத்தம். சருகு விழுந்து மக்குவதே இதற்குப் போதும். நட்ட முதல் கோடை தவிர மற்ற வருடங்களில் தண்ணீர் ஊற்றுவதையும் விடுங்கள். மே கடைசியில் அல்லது ஜூன் முதல் வாரத்தில், செடி முழங்கால் உயரத்தைத் தாண்டும்போது, மேலிருந்து மூன்றில் ஒரு பங்கை வெட்டிவிடுங்கள். மனம் வராது, ஆனால் வெட்டுங்கள். கவர்விட்டுக் கட்டையாக வளரும். பூ சற்றுப் பிந்தும், எண்ணிக்கை கூடும். ஜூன் நடுப்பகுதிக்குப் பிறகு கத்தரிக்கோலைத் தொடவே கூடாது.

நிழல் கூடினாலும் சாயும். ஆனால் அப்போது எல்லாத் தண்டும் ஒரே பக்கமாக, வெளிச்சத்தைப் பார்த்துச் சாய்ந்திருக்கும். எருவால் விழுந்தது நாலா பக்கமும் கிடக்கும். இந்த வேறுபாட்டைப் பார்த்தே தொலைபேசியில் வைத்தியம் சொல்லிவிடலாம். எந்தப் பக்கம் சாய்ந்தாலும், பக்கத்தில் லிட்டில் புளூஸ்டெம் போன்ற நாட்டுப் புல்லை நெருக்கி நட்டால் தடியே வேண்டாம். காட்டோரத்தில் இதைத் தாங்கி நிற்பவை அப்படியான அயற்செடிகள்தான். தனியாக நிற்கப் பழகிய செடியல்ல இது.

வளவெல்லாம் ஏறுகிறது

இதைக் கன்று கொடுக்கும்போதே சொல்லிவிடுகிறேன். சொன்னதை யாரும் கேட்பதில்லை, முதல் வருடம் ஒற்றைத் தண்டாக நிற்பதைப் பார்த்து. மண்ணுக்குள் வேர்த்தண்டு ஒவ்வொரு பக்கமும் ஓடி, நுனியில் புது முளை விடும். மூன்று நான்கு வருடத்தில் ஒரு கன்று ஒரு கூட்டமாகிவிடும். காட்டுச் சரிவில் மண்ணைப் பிடித்து வைக்க இந்தக் குணம்தான் உதவுகிறது. மூன்றடிப் பூப்பாத்தியில் இதே குணம் தொல்லை. அருகில் நிற்கும் சிறு செடிகளை உயரத்தாலும் நெருக்கத்தாலும் அமுக்கிவிடும். போதாததற்கு, சூரியகாந்தி இனங்கள் மற்றச் செடிகளின் முளையைத் தடுக்கும் பொருட்களை மண்ணில் விடுவதில் பேர்போனவை; குருவிகளுக்குச் சூரியகாந்தி விதை வைக்கும் கூட்டின் கீழே உமி விழுந்த இடத்தில் புல் கருகுவதைப் பார்த்திருப்பீர்கள்.

அடக்குவது எப்படி? வேர்த்தண்டு ஆழம் போகாததால் வேலை கடினமில்லை. இளவேனிலில் முளை தெரிந்ததும் கூட்டத்தைச் சுற்றி ஒரு கோடு கிழித்து, அந்தக் கோட்டில் மண்வெட்டியை ஒரு சாண் ஆழத்துக்குக் குத்திக்கொண்டே போங்கள். வெளியே அகப்பட்டதையெல்லாம் இழுத்தெடுத்துவிடலாம். வருடத்துக்கு ஒருமுறை, ஒரு மணி நேரம். ஒரேயடியாக முடிக்க வேண்டுமானால் 25, 30 சென்ரிமீற்றர் ஆழத்துக்குத் தடுப்புத் தகடு இறக்கி, விளிம்பு மண்ணுக்கு மேலே இரண்டு விரல் தெரியும்படி விடுங்கள். இல்லையேல் மேலால் ஏறிக் கடக்கும். எல்லாவற்றிலும் நல்லது, இடத்தை ஆரம்பத்திலேயே சரியாகத் தெரிவுசெய்வது: வாகனப் பாதைக்கும் வேலிக்கும் நடுவே, ஒருவரும் எதையும் நடாத அந்த வறண்ட துண்டு நிலம் இதற்கென்றே அளந்தது.

உழும் இயந்திரத்தைக் கொண்டு கொத்தி அழிக்க நினைக்காதீர்கள். ஒரு வேர்த்தண்டு பத்துத் துண்டானால் பத்துக் கன்று. முழுதாக ஒழிப்பதானால் நிலத்தோடு வெட்டி, மேலே தடித்த காட்போட் மட்டையைப் போட்டு, மரச்சீவலால் மூடி, ஒரு முழுப் பருவம் விடுங்கள். ஓரங்களில் தலைகாட்டுவதைக் கிள்ளிக்கொண்டே இருங்கள்.

இலையில் வெள்ளைப் பூச்சு, அல்லது செம்பழுப்புப் பொட்டு

ஆகஸ்ட் கடைசியில் இலைமேல் விபூதி தூவியது போல இருந்தால் சாம்பல் நோய். பகல் காய்ந்து இரவு புழுங்கும் நாட்களில், காற்றோட்டமில்லாத நெருக்கத்தில் வரும். பூவை அது தடுக்காது. மறுவருட முளை மண்ணுக்குள்ளிருந்து புதிதாக வருவதால் செடியின் உயிருக்கும் பயமில்லை. ஜூனில் கூட்டத்துக்குள் மூன்று தண்டுக்கு ஒன்றை அடியோடு எடுத்துவிட்டால் காற்றுப் போகும், அடுத்த வருடம் குறையும். பூஞ்சணக்கொல்லி தேடி அலைய வேண்டாம். அழகுக்காகத் தோட்டத்தில் இரசாயனக்கொல்லிகள் தெளிப்பதை ஒன்ராறியோ 2009 ஏப்ரலிலேயே தடைசெய்துவிட்டது.

கீழ்ப்பக்கத்தில் துரு நிறப் பொட்டுகள், தொட்டால் விரலில் தூள் ஒட்டுகிறது என்றால் துரு நோய். பட்ட இலைகளைப் பறித்துக் குப்பையில் போடுங்கள், உங்கள் எருக்குழியில் அல்ல. இலையுதிர்காலத்தில் அந்தக் கூட்டத்தின் சருகையும் அள்ளிவிடுங்கள். கீழிலைகள் மட்டும் மஞ்சளித்து உதிர்ந்தால், அது கோடை முடிகிறது என்ற செய்தி மட்டுமே.

இலை சல்லடையாகிவிட்டது

புரட்டிப் பாருங்கள். கறுப்பு உடம்பில் முட்கள் கிளைத்த சிறு புழுக்கள் கூட்டமாக இருந்து, நரம்பை விட்டுவிட்டு சதையை மட்டும் அரித்துக்கொண்டிருந்தால், வெள்ளிக் கட்டம்போட்ட வண்ணத்துப்பூச்சி ஒன்றின் குஞ்சுகளாக இருக்கக் கூடும். இங்கே சில்வரி செக்கர்ஸ்பொட் என்பார்கள். இந்தச் சூரியகாந்தி அதன் குழந்தைகளுக்குச் சாப்பாட்டு இலை. விட்டுவிடுங்கள். நான்கு தண்டு அசிங்கமாகும், கூட்டம் தாங்கிக்கொள்ளும். இந்தச் செடியை நடுவதற்கு எனக்கிருக்கும் காரணங்களில் பாதி இதுதான்: அதன் இலையை நம்பிப் புழுக்கள், அதன் மகரந்தத்தை நம்பிச் சில தனித்தேனீக்கள். சூரியகாந்தி இனப் பூக்களை விட்டு வேறெங்கும் போகாத தேனீக்களும் உண்டு. காய்ந்த தலையை நம்பிப் பொன்குருவி. தின்னப்படாத செடி வேண்டுமென்றால் பிளாஸ்ரிக்கில் வாங்கலாம்.

நுனித்தண்டில் சிவப்பு அசுவினி அப்பியிருந்தால் குழாய் நீரைச் சற்று வேகமாக அடியுங்கள். பொறிவண்டு வந்து மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும்.

பூத்தலை முறிந்து தொங்குகிறது

தலைக்குச் சற்றுக் கீழே, காம்பைச் சுற்றி ஊசியால் வரிசையாகக் குத்தியது போல அடையாளம் தெரிகிறதா? அது நீண்ட மூக்குள்ள ஒரு சிறு வண்டின் வேலை. பெண் வண்டு காம்பை அரைகுறையாக நறுக்கி, தொங்கும் தலையில் முட்டையிடும். தலை காய்ந்து விழ, புழு உள்ளே தின்று வளர்ந்து, பின் மண்ணுக்குள் இறங்கிக் குளிர்காலத்தைக் கழிக்கும். வழி ஒன்றுதான், மருந்து அல்ல: ஜூலை, ஆகஸ்டில் வாரம் இருமுறை தொங்குவதையும் விழுந்ததையும் பொறுக்கி, பையில் கட்டி வீசுங்கள். இரண்டு வருடம் விடாமல் செய்தால் தொகை குறையும்.

காம்பில் குத்து இல்லாமல் பிய்ந்த தலை என்றால் அணில். அதற்கு மன்னிப்பைத் தவிர வேறு தீர்வில்லை.

தண்டு முழுதும் ஒரே நாளில் வாடிவிட்டது

நண்பகலில் வாடி, மாலையில் நிமிர்ந்தால் வெயில் மட்டுந்தான் காரணம். ஓடிப்போய்த் தண்ணீர் ஊற்றாதீர்கள்.

காலையிலும் நிமிரவில்லையென்றால் தண்டின் அடியைப் பாருங்கள். வெண்பஞ்சு போலப் பூஞ்சணம், தண்டைப் பிளந்தால் உள்ளே எலிப்புழுக்கை போலக் கறுப்புக் கட்டிகள். இந்தப் பட்டியலில் நான் பயப்படுகிற ஒன்றே ஒன்று இதுதான்: ஸ்கிளெரோட்டினியா வெண்பூஞ்சணம். கறுப்புக் கட்டிகள் மண்ணில் வருடக்கணக்கில் உயிரோடு கிடக்கும். பட்ட தண்டை வேரோடும் சுற்றிய மண்ணோடும் எடுத்துக் குப்பையில் சேருங்கள். மண்வெட்டியைக் கழுவுங்கள். அந்த இடத்தில் சில வருடங்களுக்குப் பயற்றங்காயோ போஞ்சியோ கரட்டோ சலாதுக்கீரையோ போடாதீர்கள். எல்லாமே அதற்குத் தீனி. நம்மவர் வளவில் பூப்பாத்தியும் மரக்கறிப் பாத்தியும் ஒட்டியே இருப்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். நனைந்த மண்ணும் நெருக்கமுமே இதன் வாசல். தண்ணீர் ஊற்றாதீர்கள் என்று நான் ஓயாமல் சொல்வது இதற்காகவும்தான்.

கிண்டினேன், கிழங்கில்லை

இருக்காது. கிழங்கு தருவது இதன் உறவான தியூபரோசஸ். இதில் இருப்பது மெல்லிய வேர்த்தண்டு மட்டுமே. விதையும் சிறிது, எண்ணெய்க்கு ஆகாது. சமையலறைக்கு இந்தச் செடியால் ஒரு பயனுமில்லை. பயிராய்வாளர்களுக்கு உண்டு: எண்ணெய்ச் சூரியகாந்தியின் வேரில் ஒட்டி உறிஞ்சும் ஓரபான்கி என்ற களைக்கு எதிர்ப்புத் தேடியபோது, இந்தக் காட்டுச் செடியைப் பயிர்ச் சூரியகாந்தியோடு கலந்து பெற்ற வழித்தோன்றல்களில் அந்த எதிர்ப்பைக் கண்டார்கள்.

விதை போட்டேன், முளைக்கவில்லை

பாத்திரத்தில் ஈரத்துணிக்குள் பயறு முளைக்கவைப்பது போல நினைத்து ஏப்ரலில் போட்டிருப்பீர்கள். இந்த விதைக்குக் குளிர் பட வேண்டும். ஈரத்தோடு ஒன்றிரண்டு மாதக் குளிர். குளிர்பெட்டியில் ஈரமணலோடு வைக்கலாம், ஆனால் வெளியே இலவசமாகக் குளிர் கொட்டிக் கிடக்கும் நாட்டில் அது தேவையில்லை. ஒளி ஊடுருவும் தண்ணீர்க் கலன் ஒன்றை நடுவே வெட்டி (அமெரிக்கக் குறிப்புகளில் பால்கலன் என்று இருக்கும், ஒன்ராறியோவில் பால் பெரும்பாலும் பையில் வருவதால் நமக்கு அது ஒத்துவராது), அடியில் ஓட்டை போட்டு, நான்கு விரல் உயரத்துக்கு மண் நிரப்பி, விதையை அரைச் சென்ரிமீற்றர் ஆழத்தில் இட்டு, மூடியைக் கழற்றிய மேல்பாதியை ஒட்டி, நவம்பரிலோ டிசம்பரிலோ வெளியே வைத்துவிடுங்கள். பனி அதன்மேல் விழட்டும். மே மாதம் உள்ளே பச்சை தெரியும்.

முளைக்காததற்கு இன்னொரு காரணம், விதை பதராக இருப்பது. நகத்தால் நசுக்கிப் பாருங்கள். நசுங்கினால் உள்ளே ஒன்றுமில்லை. அது அடுத்த அறிகுறி.

நன்றாகப் பூக்கிறது, விதை மட்டும் பதர்

இந்தச் செடி தன் மகரந்தத்தைத் தானே ஏற்காது. வேர்த்தண்டால் பரவிய கூட்டம் எவ்வளவு பெரிதானாலும், நூறு தண்டிருந்தாலும், அது ஒரே செடிதான். தேனீ எத்தனை முறை வந்து போனாலும் விதை பிடிக்காது. வேறொரு விதையிலிருந்து வந்த இன்னொரு செடி பறக்கும் தூரத்தில் நிற்க வேண்டும். அடுக்கிதழ்ப் பூவுடைய அலங்கார வகைகளை வாங்கி நட்டும் இதைத் தீர்க்க முடியாது. அவற்றில் பல மலட்டுக் கலப்பினங்கள்.

எங்கள் கூட்டத்தில் நான்கு வருடம் பொன்குருவி வந்து தலையைக் கொத்திப் பார்த்து ஏமாந்து போனது. மாமி வீட்டிலும் அப்படியே. இரண்டு வீட்டுக்கும் நடுவே இரண்டு தெருதான், தேனீக்கு அது தூரமேயில்லை, ஆனாலும் பதர். மாமியின் கன்று என் கூட்டத்திலிருந்து வெட்டிக் கொடுத்தது என்பது எனக்கு உறைக்கவே நான்கு வருடம் பிடித்தது. போன மாரியில் வேறிடத்து விதை வாங்கிக் கலனில் போட்டோம். இரண்டு கன்று மாமிக்கு, மூன்று எனக்கு. ஆட்டெரு போடமாட்டேன் என்று மாமி சத்தியம் செய்திருக்கிறார். பை இன்னும் அவருடைய கராஜில் நிற்கிறது.